பதினேழாம் மனைக்காரர்

பிறந்தவனிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் வத்தல் மண்டித் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. முப்பது வருஷம் கழித்து வரப்போகிறவனிடம் பேரம் பேசித் தோற்றவன் நான் ஒருவன்தான்.

பெயர் வெயிலுமுத்து. தொழில் மனை விற்பது. விற்பது மட்டும்தான், வாங்குவதில்லை. முப்பத்தொரு 'நகர்' விற்றுக் கொடுத்திருக்கிறேன், ஒன்றிலும் எனக்கு ஒரு சென்ட் இடம் கிடையாது. ஏன் என்று கேட்பவர்களிடம், "அல்வாக் கடைக்காரன் அல்வா தின்கிறானா?" என்பேன். சிரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வருஷம் புதுச் சட்டம் வந்திருந்தது. ஊர் ஓரத்து நிலத்தில் மனை பிரிக்க வேண்டுமென்றால், முப்பது வருஷம் கழித்து அங்கே குடியிருக்கப் போகிறவர்களின் சம்மதம் வேண்டும். மூன்றில் இரண்டு பங்குப் பேர் தலையாட்ட வேண்டும். அவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் 'முன்குடிகள்'. எங்கள் முதலாளி தனசீலன் சட்டத்தைப் படித்துவிட்டு, "செத்தவன் கையெழுத்தே நமக்குக் கஷ்டமில்லாமக் கிடைச்சுது. இது என்ன பெரிய விஷயம்?" என்றார்.

அரசம்பொட்டல் சமுதாயக் கூடத்தில் விசாரணை. அரசம்பொட்டல் என்பது பஸ் நின்றுவிட்டு, ஏன் நின்றோம் என்று யோசிக்கிற ஊர். அதன் தெற்கு ஓரத்தில் நாலு ஏக்கர் புஞ்சை எங்கள் கைக்கு வந்திருந்தது. நல்ல செவ்வகம். ஒரே ஒரு கோளாறு, குறுக்கே ஒரு வரத்துக்கால் ஓடியது. மழைத் தண்ணீரை ஊரணிக்குக் கொண்டு போகிற கால்வாய். வரைபடத்தில் அதன்மேல் முப்பதடிச் சாலை போட்டிருந்தோம்.

ஊராட்சித் தலைவர் இருளாயி வரைபடத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். மூன்று மாதத்தில் மூன்று மனு கொடுத்திருந்தார்.

"கால்வாய் எங்கய்யா?"

"ரோட்டுக்கு அடியில இருக்குதும்மா," என்றார் தனசீலன். "ரெண்டடிக் குழாய். நாங்க கால்வாயை மூடலை, போர்வை போத்துறோம்."

"பொணத்துக்கும் போர்வைதான் போத்துறாங்க. எங்க ஊருக்குக் குழாய்த் தண்ணி நாலு நாளைக்கு ஒருதரம். மத்த மூணு நாளும் ஊரணிதான். இருநூறு குடும்பம். உங்க ரெண்டடிக் குழாய்ல எங்க ஊரணி எப்ப நெறையும்?"

"அதை முன்குடிகள் சொல்லட்டுமே. சட்டம் அவங்களைத்தான் கேக்கச் சொல்லுது."

கூடத்தின் சுவரளவுத் திரைக்குப் பக்கத்தில் திட்ட அலுவலகத்துப் பெண் பர்வீன் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டிருந்தாள். இருளாயி அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, இன்னும் வராத ஆளு எப்படிம்மா பேசுவான்?"

"ஜோசியம் இல்லக்கா. யார் எந்த வயசுல எங்க குடிபோறாங்க, எதுக்குச் சண்டை போடுறாங்க, எப்ப வீட்டை விக்கிறாங்கன்னு ஐம்பது வருஷக் கணக்கு இருக்கு. இந்த வரைபடத்தைக் கொடுத்தா, இங்க வர்றதுக்கு வாய்ப்பு அதிகமுள்ள ஆட்களை அது உருவாக்கும். முப்பது வருஷம் இங்க வாழவிடும். மழை, வெயில், திருட்டு, திருவிழா எல்லாம் உண்டு. அப்புறம் வீட்டுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேப்போம்."

"பொறக்காத புள்ளையா?"

"பாதிப் பேர் இன்னைக்கு உயிரோட இருக்கிறவங்கதான். அதுக்காகவே ஒரு விதி இருக்கு. முன்குடி தன்னைப் பத்திப் பேசலாம். உயிரோட இருக்கிற வேற யாரைப் பத்தியும், நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேச வாயெடுத்தா படம் உறைஞ்சிரும்."

"கருத்துக் கேட்ட பிறகு அவங்க என்ன ஆவாங்க?"

பர்வீன் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அழிச்சிருவோம்க்கா."

"நம்ம ஊர்ல ஓட்டுப் போட்ட பிறகு நடக்கிறதுதான்," என்று இருளாயி உட்கார்ந்துவிட்டார்.

முன்குடிகள் வந்தார்கள். திரையில் ஒவ்வொருவராக, அவரவர் வீட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி. ஆள் மாற மாற, பின்னால் அதே சாலை வேறு வேறு கோணத்தில் தெரிந்தது. வந்த விஷயமெல்லாம் நான் முப்பத்தொரு நகரிலும் கேட்டதுதான். முதல் மனை அம்மாளுக்கு எதிர் வீட்டு நாய் பிடிக்கவில்லை. ஒன்பதாம் மனை ரயில்வே அதிகாரிக்கு நகரின் முகப்பு வளைவில் தன் பெயர் இல்லை. கால்வாய் பற்றி இருளாயியே எழுந்து கேட்டார்.

"மழைக்கு ரெண்டு நாள் தண்ணி நிக்கும்," என்றார் ரயில்வேக்காரர். "முழங்கால் அளவு. ரோட்டுல இருந்த குழாய்க்குழி இரும்பு மூடியெல்லாம் களவு போயிருச்சு. போன இடத்துல வேப்பங்கிளை செருகி வெச்சிருக்கோம், தெரியிறதுக்கு. பழகிருச்சும்மா."

"ஊரணி?"

"எந்த ஊரணி?"

இருளாயி மறுபடி உட்கார்ந்தார். தனசீலன் என் தொடையில் தட்டினார். நாற்பத்தொரு மனையில் முப்பத்தாறு சம்மதம். வெற்றிலை மடிக்கிற சந்தோஷத்தோடு, "மிச்சத்தையும் கேட்டு முடிச்சிரும்மா," என்றார்.

கடைசியாகப் பதினேழாம் மனை, தெருக்குத்து. ஒரு தெரு வந்து நேராக வாசலில் முட்டுகிற மனை. எந்த நகரிலும் கடைசிவரை விற்காது. அதில் யார் குடியிருக்கப் போகிறான் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. திரையில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். மெலிந்த உடம்பு, இடது புருவத்தில் பிளவு. அந்தப் பிளவு என் பத்து வயதில் வத்தல் மூட்டை சரிந்து தராசுத் தட்டு இடித்து வந்தது.

கூடமே சிரித்தது. தனசீலன் விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ் அண்ணாச்சி! வாழ்க்கைல ஒரு மனை வாங்கமாட்டேன்னீரே, தெருக்குத்தையா வாங்கினீர்?"

"வாங்கலை," என்றார் திரைக் கிழவர் அமைதியாக. "கடைசிவரைக்கும் விக்கலைன்னு கமிஷனுக்குப் பதிலா என் தலையில வந்து விழுந்துச்சு, முதலாளி."

தனசீலன் சிரிப்பை நிறுத்தினார். அப்படித் தலையில் கட்டக்கூடியவர்தான் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு முதலில் வந்த குழப்பம், என்னை நானே 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்பது. வயதில் மூத்தவர். ஆனால் நான்தான். கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கப்படி, "வாங்க அண்ணாச்சி," என்றேன்.

"இருக்கேன் அண்ணாச்சி," என்றார்.

"சௌக்கியமா?"

"மூட்டு வலி இருக்குது. மாடிப்படி குறைச்சுக் கட்டியிருக்கலாம்."

"வீட்ல அவ எப்படி—"

அவர் வாயெடுத்ததும் படம் உறைந்தது. பர்வீன் என்னை முறைத்தாள். "சொன்னேன்ல சார்? நல்ல செய்தியா இருந்தாலும் உறையும்." சிறிது நேரம் கழித்துக் கிழவர் அசைந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன வேணும், சொல்லுங்க," என்றேன்.

அவர் சொன்னார். தெருமுனையில் ஒரு பிள்ளையார், தெருக்குத்துக்குக் கட்டாயம். விளக்குக் கம்பம் இரண்டு அதிகம். பூங்காவில் உட்கார நிழல். வடக்குப் பக்கம் சுற்றுச்சுவர் ஒரு அடி உயரம். முகப்பு வளைவுக்கு நல்ல பெயிண்ட். நிறுத்தி நிதானமாக ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி, எதிர்க்கேள்விக்கும் பதில் சொல்லி வைத்திருந்தார். நல்ல பேச்சு. எனக்கே பெருமையாக இருந்தது. இடையில் அவர் வீட்டுக்கு இடப்புறச் சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் திரும்பவில்லை.

"சம்மதமா, இல்லையா?" என்றாள் பர்வீன்.

"அதை அண்ணாச்சியே எழுதிக்கட்டும்," என்று என்னைக் காட்டினார். பிறகு, "வரைபடத்தை மாத்தினா மறுபடி ஓட்டிப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை பாக்கலாம். மாத்தினா புது ஓட்டம். இது அழிஞ்சிரும். ஒரு இடத்துக்கு ஒரு எதிர்காலம்தான் வெச்சுக்கலாம்னு விதி."

"அப்ப சரி," என்றார்.

கூட்டத்தை டீ குடிக்க விட்டார்கள். வெளியே வேம்படியில் இருளாயி கையில் டம்ளரோடு நின்றிருந்தார். நான் போய் நின்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணாச்சி, உங்க வயசான ஆளு நல்லாப் பேசுறாரு. தங்குதடையில்லாம. நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதேயில்ல."

"நான் தொழில்காரன், தலைவரம்மா. நல்லாத்தான் பேசுவேன்."

"எங்க பேசினீங்க? போன மாசம் உங்க வீட்டுக்கு மனு கொடுக்க வந்தப்ப நீங்க ஒரு வார்த்தை ஆரம்பிச்சா உங்க வீட்டம்மால்ல முடிச்சாக."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். என் மனைவி தங்கபுஷ்பம் ஒருநாளும் என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. நான் 'மழை' என்றால் அவள் 'துணி எடுத்தாச்சு' என்பாள். கோபத்தில் திட்ட ஆரம்பித்தால் பாதியில் அவளே அந்தத் திட்டைத் திருத்தி முடித்துக் கொடுப்பாள். வீட்டில் பாதி வாக்கியம் பேசிப் பழகியதால்தான் எனக்குத் தொழிலில் முழு வாக்கியத்தின்மேல் இவ்வளவு ஆசை. அந்தக் கிழவர் எல்லா வாக்கியத்தையும் முடித்தார். ஒன்றுவிடாமல். சொந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, குறுக்கே ஒரு குரலும் வராமல்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே கற்றுக்கொள்வது ஒன்று. எந்தச் சரக்கு வேண்டுமோ அதைப் பார்க்காதே. வத்தல் வாங்க வந்தவன் மல்லி மூட்டையைத் தடவுவான், சீரகத்தை மோந்து பார்ப்பான், பெருங்காயத்துக்கு விலை கேட்பான். விற்கிறவன் சாமர்த்தியம் என்னவென்றால், வந்தவன் கண் எங்கே போகவில்லை என்று பார்ப்பது. என் அப்பா அதில் மன்னர். "கேட்டவனுக்கு விலை ஏத்து, கேக்காதவனுக்குச் சரக்கைக் காட்டு" என்பார்.

கிழவர் பிள்ளையாரைத் தடவினார், சுற்றுச்சுவரை மோந்தார், பெயிண்டுக்கு விலை கேட்டார். ஹாரன் அடித்தும் இடப்பக்கம் திரும்பவில்லை. இடப்பக்கம் குழாய்ச் சாலை. ஓரத்தில் செருகிய ஒரு வேப்பங்கிளை. மழை நாளில் முழங்கால் தண்ணீர். மூடி களவு போன குழி, கால் வைத்தவரை இழுத்துக்கொள்ளும்.

"என்ன அண்ணாச்சி, முகம் வெளுத்துப் போச்சு?"

"தலைவரம்மா, நீங்க மூணு மனுவுலயும் கால்வாயைக் கால்வாய்னே எழுதிக் கேட்டீங்க. அதான் கெடைக்கலை," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.

தனசீலனிடம் என் பெண்டாட்டி பற்றிப் பேசினால் அனுதாபப்படுவார், வரைபடத்தை மாற்றமாட்டார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, சோம்பல் முறித்துக்கொண்டு, பூங்காவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சொன்னேன்: "முதலாளி, கால்வாயைத் திறந்தே விட்டா என்ன? 'நீரோடை பார்த்த மனை'ன்னு போடலாம். ஒன்றரைப் பங்கு விலை."

"அது ஓடையாய்யா? வருஷத்துல பாதி நாள் மண்ணு."

"மழை பெஞ்சா ஓடை, பெய்யாட்டி நடைபாதை. ரெண்டுக்கும் தனித்தனியா நோட்டீஸ் அடிச்சிரலாம்."

"ரோடு தள்ளிப் போகும். பதினோரு மனை போகும்."

"மிச்ச முப்பதுல ஏத்திருவேன். நான் சொல்லி எது விக்கலை?"

"பதினேழு விக்கலை," என்றார். ஆனாலும் கணக்குப் போட்டார் என்பது அவர் உதட்டில் தெரிந்தது. "சரி, ஓட்டிப் பாரு. புதுக்குடிகள் கால்வாயை மூடச் சொன்னா, பழைய படம்தான். அப்புறம் வாயைத் திறக்கக்கூடாது."

பர்வீன் புதுக் கோடு வரைந்தாள். சாலை நகர்ந்ததில் பதினேழாம் மனையின் வாசல் கால்வாயைப் பார்த்துத் திரும்பியது, தெருக்குத்து மட்டும் போகவில்லை. "முதல் ஓட்டத்தை அழிச்சிரவா?"

"ஒரு நிமிஷம்," என்றேன்.

பதினேழாம் மனைக்காரர் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். சட்டையில் வெள்ளைப் பொத்தானுக்குப் பதில் ஒரு கறுப்புப் பொத்தான், அவரே தைத்தது போலக் கோணலாக. நான் என்ன சொல்வது? கடைக்கு வந்தவரை வழியனுப்புகிற ஒரே வார்த்தைதான் எனக்குத் தெரியும்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

அவர் தலையசைத்தார். பேரம் முடிந்த பிறகு சரக்கைப் பார்க்கலாம், தப்பில்லை. மெதுவாக இடப்பக்கம் திரும்பி அந்த வேப்பங்கிளையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரை இருண்டது.

இரண்டாவது ஓட்டத்தின் முன்குடிகள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார்கள். முப்பது பேர். கால்வாய் கரையோடு திறந்து ஓடியது, கரையில் புல். முதல் ஆள் வாயைத் திறந்தார்.

"இந்தக் கால்வாயை மூடணும் சார். கொசு தாங்கலை."

இரண்டாவது ஆள், பாம்பு. மூன்றாவது அம்மாள், கரையில் ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்கிறார்கள், பார்க்க நன்றாக இல்லை. எட்டாவது ஆள், இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, கார் நிறுத்தலாமே. கால்வாயால் எதுவும் நடந்திருக்கவில்லை. எதுவும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? தனசீலன் ஆனந்தமாக என்னைப் பார்த்தார். "மக்களே கேக்குறாங்கய்யா!"

பதினேழாம் மனை. அதே கிழவர், கொஞ்சம் சதை போட்டிருந்தார். எல்லாப் பொத்தானும் வெள்ளை.

"வாங்க அண்ணாச்சி," என்றேன்.

"இருக்கட்டும். மொதல்ல இந்தக் கால்வாயை மூடச் சொல்லுங்க. கார் நிறுத்த எடமில்லாம நான் படுற—"

"காரை எங்க எடுக்கிறீக? மூலையில கிடந்து துருப்பிடிக்குது. கொசுவைச் சொல்லுங்க, கொசுவை!"

திரையின் ஓரத்திலிருந்து அவள் வந்தாள். தலை முழுக்க நரைத்து, கையில் கொசு பேட்டோடு. கிழவரின் நாற்காலிக் கையில் பாதி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு ஒருத்தர்தான் வரணும்," என்று பர்வீன் பதறினாள். "அவங்களைக் கூப்பிடவேயில்ல. எப்படி வந்தாங்க?"

"அதை அவகிட்டச் சொல்லிப் பாருங்க மேடம்," என்றேன். எனக்குக் கண் கலங்கிச் சிரிப்பு வந்தது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டேன். வியாபாரி அழுதால் விலை குறையும்.

அழ நேரமும் இல்லை. இருவரும் மூடச் சொல்கிறார்கள். மூடினால் பழைய படம். பழைய படத்தில் இவள் இல்லை.

இந்தக் கிழவர் நான். என் தந்திரமெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் அவரைவிட்டு அவளைப் பார்த்துப் பேசினேன்.

"சரிம்மா, மூடிருவோம். கம்பெனிக்கும் சந்தோஷம்தான். எடம் வீணாகாது, பதினோரு மனை போட்டிரலாம்."

"எங்க போடுவீக?"

"உங்க வாசலுக்கு எதிர்லதான். கால்வாய் இருக்கிற எடத்துல. ரெண்டு மாடி, மூணு மாடி, அது வாங்குறவங்க இஷ்டம்."

கிழவர், "அதுல ஒண்ணும்—" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க! எதிர்ல மூணு மாடியா? நம்ம சமையக்கட்டுக்கு நேரா அவன் ஜன்னலா? காத்து? கீழ்க்காத்து எப்படி வரும்? எவன் வருவானோ, எப்படிப்பட்டவனோ! மூட வேண்டாம்யா. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"கொசு?"

"கொசு என்ன, விரட்டினாப் போகும். எதிர்வீட்டுக்காரன் போவானா?"

திரையில் மற்றவர்களும் திரும்ப வந்துவிட்டார்கள். பதினோரு புது வீடு என்ற பேச்சு அவர்களுக்குள் எப்படியோ பரவியிருந்தது. கார் நிறுத்தக் கேட்ட எட்டாவது ஆள் தன் வாசலின் திறந்தவெளி பற்றி ஒரு பாட்டம் பேசினார். ஆட்டைப் பார்க்கப் பிடிக்காத அம்மாள், ஆடு மாடி கட்டாது என்றாள். நீர்வழியைக் காக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். எதிரே ஒருவன் வீடு கட்டுவான் என்று சொல்லிப் பார்த்தார்களா தெரியவில்லை.

முப்பதுக்கு முப்பதும் சம்மதம். நிபந்தனை ஒன்று: கால்வாய் எக்காலத்தும் திறந்தே இருக்க வேண்டும், கரையில் வேறு எவனும் வீடு கட்டக் கூடாது. பர்வீன் தட்டெழுதி முத்திரை வைத்தாள். தனசீலன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து, "நீ என் ஆளா அவுக ஆளாய்யா?" என்றார்.

"ஒன்றரைப் பங்கு விலை முதலாளி."

"விக்கலைன்னா பதினேழு உனக்குத்தான்."

"விக்க வேண்டாம். அதை நானே எடுத்துக்கிறேன்."

அவர் என் நெற்றியில் கைவைத்துச் சூடு பார்த்தார்.

வாசலில் இருளாயி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "மூணு மனுவுலயும் தண்ணி தண்ணின்னு எழுதினோம் அண்ணாச்சி. 'எதிர்வீடு'ன்னு ஒரு வார்த்தை எழுதத் தெரியாமப் போச்சே." சிரித்தபடி ஊரணிப் பக்கம் நடந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். தங்கபுஷ்பம் முன்வாசலில் கொசு பேட்டோடு உலாவிக்கொண்டிருந்தாள். கறுத்த தலை, நாற்பத்தாறு வயது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பார்வை? இன்னைக்கு யார் தலையில கட்டினீக?"

"என் தலையிலதான். புஷ்பம், நாம ஒரு மனை வாங்கலாம்னு—"

"கிழக்குப் பாத்ததா?"

"கிழக்குத்தான். கால்வாய் எதிர்ல. ஆனா அது தெருக்—"

"தெருக்குத்தா! ஊருக்கெல்லாம் மனை விக்கிற மனுஷன் தனக்குத் தெருக்குத்து வாங்கிட்டு வருவானா? பிள்ளையார் யார் வைக்கிறது? கால்வாய்னா கொசு வராது?" அவள் பேசிக்கொண்டே போனாள். எனக்கு அது காதில் பாட்டாக விழுந்தது. என் புறங்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.

"கடிக்குது பாருங்க. அடிங்க."

"இருக்கட்டும், புஷ்பம். அது நமக்குச் செஞ்ச நல்லது—"

"என்ன செஞ்சது? காய்ச்சல்தான் செய்யும்," என்று அவள் பேட்டை வீசினாள்.

வாக்கியம் பாதியில் விழுந்து கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை.